பிட்டும் தேங்காய்ப்பூவும் போதாது

கிழக்கிலே எந்த மேடையாக இருந்தாலும், அது நூல் வெளியீடாக இருந்தாலென்ன, பிரதேச சாகித்திய விழாவாக இருந்தாலென்ன, அரசசார்பற்ற நிறுவனமொன்றின் நல்லிணக்கக் கருத்தரங்காக இருந்தாலென்ன, தமிழ் முஸ்லிம் உறவைப் பற்றிப் பேச வருபவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தவர்கள் என்பதே அது. சபை கைதட்டும். பேச்சாளர் அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். உறவைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்துவிடும்.

இந்த உவமை பொய் என்று நான் சொல்லவில்லை. அம்பாறை, மட்டக்களப்புக் கரையோரத்தை அறிந்தவர்கள் அதன் உண்மையை அறிவார்கள். ஒரு தமிழ்க் கிராமம் முடியுமிடத்தில் ஒரு முஸ்லிம் கிராமம் தொடங்குகிறது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகத்துக்கும் பொதுவாக இருந்து வந்திருக்கிறது. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும் வழக்கமும் பொதுவானதே. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் குடிவழியாக வந்தது ஒரே சமூக அமைப்பின் இரு வடிவங்கள்தாம். வயலில் போடியாரும் வாரக்காரனும் ஒருவரையொருவர் நம்பித்தான் விதைத்தார்கள். இவை எல்லாம் உண்மை.

ஆனால் பிட்டுக்கும் தேங்காய்ப்பூவுக்கும் வாய் இல்லை. அவை ஒன்றோடொன்று பேச வேண்டிய தேவையும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். மனிதர்களுக்கு அது போதாது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள்தாம் 1990 இல் ஒருவரையொருவர் கண்டு ஓடினார்கள். அருகருகே வாழ்வதும் ஒரே மொழியைப் பேசுவதும் தாமாகவே உரையாடலைக் கொண்டுவந்து விடும் என்ற நம்பிக்கை பொய்த்துப்போய் முப்பத்தைந்து வருடங்களாகின்றன. இன்னமும் அந்த உவமையைச் சொல்லியே காலத்தை ஓட்டுவது உரையாடலைத் தவிர்ப்பதற்கான வழியாகிவிட்டது என்பதே எனது குற்றச்சாட்டு. இக்குற்றச்சாட்டு அரசியல்வாதிகளை நோக்கியதல்ல. அவர்களிடம் இதை எதிர்பார்ப்பதற்கில்லை. தமிழில் எழுதுவதையே தம் பணியாகக் கொண்ட எம்மை நோக்கியது.

வாதமும் உரையாடலும்

மாற்றுக் கருத்தாளனோடு பேசும் மரபு எமக்குப் புதிதல்ல. முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் மிகப் பழையது எனக் கொள்ளப்படும் ஆயிரம் மசலா 1572 இல் மதுரையில் அரங்கேறியது. வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய அந்நூலின் அமைப்பே வினாவும் விடையும்தான். கேட்பவர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் என்ற யூத அறிஞர். விடை சொல்பவர் நபி (ஸல்) அவர்கள். மசலா என்ற அரபுச் சொல்லுக்கே கேள்வி என்றுதான் பொருள். அந்நூலின் முடிவில் கேட்டவர் இஸ்லாத்தை ஏற்கிறார் என்பது உண்மை. ஆயினும் அதற்கு முன்னர் அவர் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டு முடிக்கிறார். என்னிடம் இப்படிக் கேட்க நீ யார் என்று எவரும் அவரை மடக்கவில்லை. எமது இலக்கியத்தின் தலைவாசலில் நிற்பது வேற்று மதத்தவர் ஒருவரின் கேள்வி என்பதை நாம் மறந்துவிட்டோம்.

ஹுதைபிய்யாவை நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். 628 இல் அந்த உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அல்லாஹ்வின் தூதர் என்ற சொல்லைக் குறைஷியரின் பிரதிநிதி சுஹைல் இப்னு அம்ர் ஏற்க மறுத்தார். அதை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் உம்மோடு எனக்கு ஏது சண்டை என்பது அவருடைய நியாயம். நபியவர்கள் அந்த நியாயத்தை விளங்கிக்கொண்டு அச்சொல்லை அகற்றச் செய்து, தமது தந்தையின் பெயரோடு தமது பெயரை எழுதச் செய்தார்கள். தோழர்களுக்கு அது கசந்தது. தமது கொள்கையில் ஓர் அணுவளவும் விட்டுக்கொடுக்காமல், எதிர்த் தரப்பு ஏற்கக்கூடிய மொழியில் ஒப்பந்தம் எழுத முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எமக்குத் தேவையில்லை.

இந்நாட்டில் மதங்களுக்கிடையிலான பேச்சு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாணந்துறை வாதம். 1873 ஓகஸ்டில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் பாதிரியார் டேவிட் டி சில்வாவின் தரப்பினரும் இரண்டு நாட்கள் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில் மாறி மாறிப் பேசினார்கள். இரு தரப்புக்கும் சமமான நேரம் ஒதுக்கப்பட்டது. சொற்கள் கடுமையாக இருந்தன. ஆனால் கைகலப்பின்றிக் கூட்டம் கலைந்தது. இன்றைய எமது நிலையை நினைக்கையில் இதுவே பெரிய காரியமாகத் தோன்றக்கூடும். எனினும் பத்து ஆண்டுகள் கழித்து, 1883 இல், கொட்டாஞ்சேனையில் பௌத்தர்களும் கத்தோலிக்கர்களும் வீதியில் மோதிக்கொண்டதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. வெல்வதற்காகப் பேசும் வாதத்தால் இரு தரப்பையும் ஒன்றாக வாழப் பழக்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த வேறுபாடு எமக்கு மிக முக்கியம். ஏனெனில் கடந்த சில தசாப்தங்களில் எமது இளைஞர்கள் மார்க்க விடயத்தில் பார்த்து வளர்ந்தது உரையாடலை அல்ல, விவாத மேடைகளையே. ஒலிநாடாக்களாகவும் இறுவட்டுக்களாகவும் ஊரெங்கும் சுற்றிய அந்த விவாதங்களில் எதிராளி ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எவரும் யோசிக்கவில்லை. அவர் எந்த இடத்தில் தடுமாறினார் என்பதையே இரசித்தார்கள். அப்படிப் பழகிய காது பக்கத்து ஊர்த் தமிழனின் குறையை மட்டும் பொறுமையோடு கேட்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பேசாமல் விட்டதன் விலை

பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணங்களைச் சொல்கிறேன். இரண்டும் அண்மைக் காலத்தவை. இரண்டிலும் இரு தரப்பும் தமிழ் பேசுவோரே.

2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவது பிரச்சினையானது. பாடசாலையின் மரபு சேலை என்றது ஒரு தரப்பு. எனது உடையைத் தெரிவுசெய்வது எனது உரிமை என்றது மறு தரப்பு. பாடசாலை வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அதற்கு எதிர் ஆர்ப்பாட்டம் நடந்தது. விடயம் மனித உரிமைகள் ஆணைக்குழுவரை போனது. 2022 இலும் அதே பாடசாலையில் அதே சச்சரவு மீண்டும் வெடித்தது. ஆசிரியைகளின் உரிமை பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. அதை எந்த இடத்திலும் சொல்வேன். ஆனால் போர்க்காலத்தில் தம் நிலமும் நிறுவனங்களும் ஒவ்வொன்றாகக் கைநழுவுவதைக் கண்ட ஒரு சமூகம், தம் கையில் எஞ்சிய ஒரு பாடசாலையின் அடையாளம் பற்றி ஏன் இவ்வளவு பதற்றமடைகிறது என்று எமது தரப்பில் எத்தனை பேர் எழுதினார்கள்? ஒரு பெண்ணின் ஆடை தமது அடையாளத்தை அழித்துவிடும் என்று நம்புவது எவ்வளவு பலவீனமான நம்பிக்கை என்று தமிழ்த் தரப்பில் எத்தனை பேர் எழுதினார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். இரு தரப்பும் தமது ஆட்களுக்கே எழுதினார்கள். தமது ஆட்களே வாசித்தார்கள்.

இரண்டாவது கல்முனை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ள செயலகமாகத் தரமுயர்த்த வேண்டும் என்பது அங்குள்ள தமிழர்களின் நீண்டகாலக் கோரிக்கை. எல்லைகளை இன அடிப்படையில் வகுத்தால் நகரமும் வர்த்தக வீதியும் துண்டாடப்படும் என்பது முஸ்லிம்களின் அச்சம். இரண்டிலும் நியாயம் உண்டு. காணிப் பதிவும் நிதி அதிகாரமும் எல்லைக்கோடும் சம்பந்தப்பட்ட ஒரு நிர்வாகப் பிரச்சினை இது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இரு தரப்புப் பெரியவர்களும் பல நாட்கள் இருந்து பேச வேண்டிய விடயம். நடந்ததென்ன? 2019 ஜூனில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் புகை அடங்காத நேரத்தில், ஒரு பக்கம் உண்ணாவிரதம், மறுபக்கம் சத்தியாக்கிரகம். தமிழருக்கு ஆதரவு தருகிறோம் என்று வந்து நின்றவர்கள் அத்துரலியே ரதன தேரரும் கலகொட அத்தே ஞானசார தேரரும். தமிழில் பேசித் தீர்க்க வேண்டிய விடயத்துக்குத் தென்னிலங்கையிலிருந்து நடுவர்கள் வந்தார்கள். அந்த நடுவர்கள் எவருடைய நன்மையை நாடி வந்தார்கள் என்பது அன்றே எல்லோருக்கும் தெரியும். 2024 இலும் அதே கோரிக்கையோடு தமிழ் மக்கள் வீதியில் இருந்தார்கள். அதாவது வந்தவர்களால் தமிழருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. முஸ்லிம்களுக்குக் கிடைத்தது மேலும் கொஞ்சம் பயம் மட்டுமே.

தன் தரப்பின் தவறைத் தன் மொழியில் சொல்லல்

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். 1990.

ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர். ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுப்பேரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பெரும்பாலோர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தார்கள், அங்கேயே முதுமையடைந்தார்கள்.

இதைப் பற்றித் தமிழ்ச் சூழலில் எப்படிப் பேசப்பட்டது? துன்பியல் சம்பவம் என்றார்கள். அரசியல் தவறு என்றார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் வருத்தம் தெரிவிக்கப்பட்டதோடு கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள். தமது நூலகம் எரிந்ததை 1981 இலிருந்து இன்றுவரை மறக்காத ஒரு சமூகம், தமது அயலவர் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டதை மட்டும் மறக்கச் சொல்லலாமா? அந்த நூலக எரிப்பைப் பற்றி எழுதப்பட்ட மிகவும் அறியப்பட்ட கவிதையை எழுதியவர் கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான். அன்று அது உனது நூலகமா என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அந்த அளவுக்கு மற்றவரின் இழப்பைத் தனது இழப்பாக எழுதிய தமிழ்க் குரல்கள் 1990 ஐப் பற்றி எத்தனை எழுந்தன என்பதே எமது கேள்வி.

எழவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு (யாழ்ப்பாணம்), தனது ஸ்தாபகர்களுள் ஒருவரான ராஜனி திராணகமவை 1989 இல் துப்பாக்கிக்குப் பலிகொடுத்த பின்னரும், தமிழர்கள் செய்தவற்றையும் தமிழர்களுக்குச் செய்யப்பட்டவற்றையும் ஒரே அறிக்கையில் எழுதியது. வெளியேற்றத்தை இனச்சுத்திகரிப்பு என்றே எம்.ஏ. சுமந்திரன் பகிரங்கமாகச் சொன்னார், அதற்காகத் தம்மவரிடமே ஏச்சும் வாங்கினார். இவர்களது சொற்களுக்கு முஸ்லிம்கள் மத்தியில் இருக்கும் மதிப்பு, ஆயிரம் நல்லிணக்க மேடைகளுக்கு இல்லை. காரணம் எளியது. அவர்கள் எம்மிடம் வந்து எம்மைப் புகழவில்லை. தமது ஆட்களிடம் தமது தவறைச் சொன்னார்கள்.

அப்படியானால் அதே அளவுகோல் எமக்கும் பொருந்தும். அதே 1990 ஓகஸ்டில் வீரமுனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொல்ல வந்தவர்களோடு முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தார்கள் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். எமது சஞ்சிகைகளின் பக்கங்களில் வீரமுனை என்ற பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது? காத்தான்குடியையும் ஏறாவூரையும் பாடிய எமது கவிஞர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை எழுதியிருக்கிறார்கள்? சிலர் எழுதினார்கள். எழுதியவர்களை எப்படிப் பார்த்தோம் என்பதையும் நாம் அறிவோம்.

உடனே ஓர் ஆட்சேபம் எழும். இது இரண்டையும் சமப்படுத்துவதாகாதா? ஒரு மாகாணத்தின் முழுச் சமூகத்தையும் வெளியேற்றியதும், ஊர்காவற்படையினர் சிலரின் வன்முறையும் ஒன்றா? ஒன்றல்ல. அளவிலும் திட்டத்திலும் விளைவிலும் அவை வேறு. நான் தராசில் வைக்கச் சொல்லவில்லை. கொல்லப்பட்டவனின் தாய்க்குத் தராசு தேவையில்லை என்பதையே சொல்கிறேன். எமது துயரத்தின் அளவு பெரிது என்பதால் பக்கத்து வீட்டுத் துயரத்தைப் பேசாமல் விடும் உரிமை எமக்குக் கிடைத்துவிடாது. மாறாக, அதைப் பேசுகிறவனுடைய வாயிலிருந்து வரும்போதே எமது துயரத்துக்கும் பெறுமதி கூடுகிறது.

பழையதைக் கிளற வேண்டாம், இப்போதுதான் கொஞ்சம் அமைதியாக இருக்கிறோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளறாமல் விட்டதெல்லாம் ஆறிவிடவில்லை. 2019 இல் கல்முனையில் ஒலிபெருக்கியில் கேட்டவை 1990 இன் சொற்களே. பேசித் தீர்க்காத நினைவை எவன் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அரசியல்வாதிக்கு அதைவிட மலிவான முதல் வேறில்லை.

முதலில் எமக்குள்

மற்றச் சமூகத்தோடு பேசுவது பற்றிப் பேசுகிறோம். எமக்குள் பேசும் நிலைமை எப்படி இருந்தது? காத்தான்குடியில் ஒரு சூபி மரபுக் குழுவினருக்கு எதிராக 2004 இலும் 2006 இலும் வன்முறைகள் நடந்தன. வீடுகளும் கட்டடங்களும் தாக்கப்பட்டன. மார்க்கத்தைவிட்டு வெளியேறியவர்கள் என்ற முத்திரையே அதற்குப் போதுமானதாக இருந்தது. 2017 மார்ச்சில் அதே ஊரில் அதே மரபினருக்கு எதிராக மோதலில் இறங்கியது ஸஹ்ரானின் கூட்டம். அதன் பின்னர்தான் அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 இல் தேவாலயங்களும் ஹோட்டல்களும் தாக்கப்பட்டு இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்து வந்த தமிழ்ப் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள்.

இந்தத் தாக்குதலின் பின்னணியில் இன்னும் வெளிவராத விடயங்கள் உண்டு என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கான விசாரணையைக் கோருவதும் நியாயமானது. ஆனால் அந்தச் சந்தேகத்தை ஒரு போர்வையாக எடுத்து எமது வீட்டுக்குள் நடந்ததை மூடக்கூடாது. எந்த வரிசையில் நடந்தது என்று பாருங்கள். முதலில் எமக்குள் வேறு விதமாகத் தொழுதவன் எதிரியானான். பிறகு வேறு மதத்தவனின் சிலை. பிறகு வேறு மதத்தவனின் உயிர். சக முஸ்லிமோடு கருத்து வேறுபட்டு வாழ முடியாதவன், கிறிஸ்தவனோடும் பௌத்தனோடும் நாகரிகமாகப் பேசுவான் என்று எண்ணியது எவ்வளவு பெரிய ஏமாற்று.

2004 இல் அந்த ஊர் எரிந்தபோது எமது இலக்கிய வட்டங்கள் பெரும்பாலும் மௌனம் காத்தன. அது மார்க்க விடயம், உலமாக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அன்றைய நியாயம். ஒருவனின் வீடு எரிவது எப்படி மார்க்க விடயமாகும்? பிறர் வணங்குபவற்றை ஏசவேண்டாம் என்று சூறா அல்அன்ஆமும், ஒருவரையொருவர் பட்டப்பெயரால் இழிக்க வேண்டாம் என்று சூறா அல்ஹுஜுராத்தும் எம்மைத் தடுக்கின்றன. தமிழர் சிலர் எம்மைத் தொப்பிபிரட்டி என்று சொல்லும்போது எமக்கு நெஞ்சு எரிகிறது. காபிர் என்ற சொல்லை நாம் வீட்டுக்குள்ளும் கடைவாசலிலும் என்ன தொனியில் சொல்கிறோம் என்பதைக் கேட்கும் தமிழனுக்கும் நெஞ்சு உண்டு. அது மார்க்கச் சொல்தானே என்ற விளக்கம், தொனிக்கு விளக்கமாகாது.

பேசினால் என்ன நடக்கும்

இப்படியெல்லாம் பேசி என்ன கண்டோம் என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சிலிருந்து 2021 பெப்ரவரி வரையான காலத்தை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன். கொரோனாவில் இறந்த எமது மையித்துக்களை அரசு பலவந்தமாக எரித்தது. டிசம்பரில் இருபது நாள் சிசு ஒன்றையும் எரித்தது. அப்போது பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்கள் முஸ்லிம்கள் மட்டுமல்லர். சிங்களவரும் தமிழரும் பாதிரிமாரும் வந்து கட்டினார்கள். 2021 பெப்ரவரி 3 இல் பொத்துவிலில் தொடங்கி 7 இல் பொலிகண்டியில் முடிந்த தமிழர் பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒன்றாக இருந்தது. முஸ்லிம் ஊர்களில் எமது மக்கள் அப்பேரணியோடு சேர்ந்து நடந்தார்கள். 2019 இல் கல்முனையில் எதிரெதிரே உட்கார்ந்த இரு சமூகங்கள் இருபது மாதங்களில் ஒரே வீதியில் நடந்தன.

பெப்ரவரி 26 இல் அடக்கம் செய்வதற்கு அனுமதி வந்தது. பேரணியால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. ஜெனீவாவும் பாகிஸ்தான் பிரதமரின் வருகையும் அதில் இருந்தன. ஆனால் எமது மையித்துக்காகக் கிளிநொச்சித் தமிழன் நடந்தான் என்ற உண்மையை எவரும் எம்மிடமிருந்து பறிக்க முடியாது. பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கப்பட்டவர்களில் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். தம் உறவினரை மண்ணில் வைக்க விரும்பிய அவர்களுக்கும் அந்த நிலமே இடம் கொடுத்தது. 2024 இல் அரசும் எரிப்புக்காக மன்னிப்புக் கோரியது. இவற்றில் எத்தனை கவிதைகள், எத்தனை சிறுகதைகள் வந்தன? எரிப்பின் வேதனையை எழுதினோம், எழுதத்தான் வேண்டும். உடன் நடந்தவனை எழுதினோமா?

பெரும்பான்மைக்கும் சிறுபான்மைக்கும் இடையில் உரையாடல் என்பது பொறி, பலமுள்ளவன் பலமற்றவனுக்கு நாகரிகம் கற்பிக்கும் ஏற்பாடு என்ற வாதமும் எனக்குத் தெரியும். 2014 இல் அளுத்கமவும் 2018 இல் திகனவும் எரிந்த பிறகு சர்வமதத் தலைவர்களை வரிசையில் நிறுத்திக் குத்துவிளக்கு ஏற்றிப் படம் எடுத்ததைக் கண்டவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. அந்தப் படத்தில் எரித்தவனின் பெயர் இல்லை, எரிந்த கடையின் நட்டஈடும் இல்லை. நீதியைப் பற்றிப் பேச அனுமதிக்காத மேடை உரையாடல் மேடையே அல்ல. நாகரிகமாகப் பேசுவது என்றால் மெதுவாகப் பேசுவதோ குறையை விழுங்குவதோ அல்ல. எதிரிலிருப்பவன் மறுக்க முடியாதபடி உண்மையைச் சொல்வதும், அவன் சொல்வதில் உண்மை இருந்தால் அதை மறுக்காமலிருப்பதும்தான். இதில் பலவீனம் எங்கே இருக்கிறது?

எழுதுவோர் செய்யக்கூடியது

1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை படித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் நூலாகவே மறுப்பு எழுதினார். கருத்துக்குக் கருத்தால் பதில் சொன்ன அந்த மரபு மதிக்கத்தக்கது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இருவரும் தமிழர்களும் முஸ்லிம்களும் யார் என்பதைப் பற்றி வாதிட்டது ஆங்கிலத்தில். கேட்டிருக்க வேண்டிய தமிழ் விவசாயியும் முஸ்லிம் வியாபாரியும் அந்த வாதத்துக்கு வெளியே நின்றார்கள். நாம் தமிழில் எழுதுகிறோம். அந்தக் குறை எமக்கில்லை. ஆனாலும் தமிழர் தமிழர் சஞ்சிகையிலும் முஸ்லிம்கள் முஸ்லிம் சஞ்சிகையிலும் எழுதிக்கொண்டிருந்தால், ஒரே மொழியில் இரண்டு பூட்டிய அறைகள்தாம் இருக்கும். 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்த ஏட்டில் தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளனுக்கும் இடமிருந்தது. அவர் 2021 இல் மறைந்தபோது அஞ்சலி எழுதினோம். அவர் திறந்த கதவை யார் திறந்து வைத்திருக்கிறோம்?

எனவே சில காரியங்களைச் சொல்கிறேன். முதலாவது, எமது நூல் வெளியீடுகளுக்குத் தமிழ் விமர்சகரை அழைக்கும்போது வாழ்த்துரைக்கு அழைக்காதீர்கள், விமர்சனத்துக்கு அழையுங்கள். அவர் எமது நூலில் தமிழர் பற்றிய சித்திரிப்பு பிழை என்று சொன்னால் அதைச் சஞ்சிகையில் அப்படியே அச்சிடுங்கள். மறுப்பிருந்தால் அடுத்த இதழில் எழுதுங்கள். இரண்டாவது, வீரமுனை போன்ற ஊர்களின் சாட்சியங்களை எமது பக்கங்களில் வெளியிடுங்கள். புத்தளத்துச் சாட்சியங்களைத் தமது பக்கங்களில் வெளியிடுமாறு யாழ்ப்பாணத்து ஏடுகளைக் கேட்கும் உரிமை அப்போதுதான் எமக்கு வரும். மூன்றாவது, எமது சமூகத்தில் மூன்றில் இரு பங்கினர் வடகிழக்குக்கு வெளியே சிங்களவர் மத்தியில் வாழ்கிறார்கள். திக்குவல்லை கமால் போன்ற சிலர் தனித்து நின்று செய்துவரும் மொழிபெயர்ப்புப் பணியை ஓர் இயக்கமாக ஆக்காமல், சிங்களவருக்கு எம்மைத் தெரியவில்லை என்று முறையிடுவதில் பொருளில்லை. நான்காவது, சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறான் என்ற சொல்லை எமது இலக்கிய அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். சமூகத்தின் பிழையைச் சொல்பவன் அச்சமூகத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. அது திருந்தக்கூடியது என்று நம்புவதால்தான் சொல்கிறான்.

இவற்றுக்கு நிதி தேவையில்லை. வெளிநாட்டுத் தூதரகத்தின் அனுசரணை தேவையில்லை. மேடையும் குத்துவிளக்கும் தேவையில்லை. அடுத்த இதழுக்கான பக்கங்களை ஒதுக்கும்போது எட்டுப் பக்கத்தை மற்றவனின் குறைக்காக ஒதுக்கினால் போதும். அதை வாசித்துவிட்டு எமது வாசகர்களில் சிலர் கோபத்தோடு கடிதம் எழுதட்டும். அந்தக் கடிதங்களையும் அச்சிடுங்கள்.